மதினி பர்மாவுக்காகக் கத்திய நாள்

மதினி,

நேற்று மதியம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் முறை முடிந்து பஸ் ஸ்டாண்டு வழியாக இறங்கி வந்தேன். தார்ப்பாய் கட்டிய புதுக் கடை ஒன்றின் முன்னால் கால் தானாக நின்றுவிட்டது. வாசனைதான் காரணம். கருவாட்டைவிடக் கனமானது, லேசாகப் புளித்தது, சேலையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வருவது. நாப்பி. வத்தலக்குண்டிலிருந்து லாரியில் வரும் பொடிமீனை உப்புப் போட்டு இடித்து, புளிக்கவிட்டு, வாழைச்சருகில் பொதிந்து அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவீர்களே, அதே விழுது. அதை யாரோ பூண்டோடு சேர்த்து எண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரம்மாள் தமிழ்ப் பெண்தான். பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களில் ஒருத்தி. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. உங்களைத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. கப்பலில் வந்த ஒவ்வொருவரிடமும் உங்கள் பெயரைச் சொல்லி விசாரித்த காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பதில் கிடைத்து மூன்று வருஷமாகிறது. இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பழனியில் எங்கள் வீட்டு வாசலில் நீங்கள் வந்து நின்றபோது எனக்குப் பதினோரு வயது. யுத்த காலம். ரங்கூனில் குண்டு விழுகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஐராவதி ஆற்றங்கரையில் ஹென்சாடா என்ற ஊரில் அரிசி ஆலையில் வேலை பார்த்த அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. ஒரு சாயங்காலம் எலும்பும் தோலுமாக ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், மொட்டையடித்த தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்த ஒரு பெண். அண்ணன் கல்யாணம் செய்துகொண்டது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அரக்கான் மலையை நடந்தே கடந்து வந்ததையும், பிறந்து சில மாதமே ஆன பிள்ளையை வழியில் புதைத்துவிட்டு வந்ததையும் அண்ணன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த இடம் பர்மாவா இந்தியாவா என்று நான் ஒருமுறை உங்களிடம் கேட்டேன். தெரியாது, மரம் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றீர்கள்.

பழனியில் சொந்தக்காரர்களின் வாய் ஓயவில்லை. கோயில் வேலை செய்கிற குடும்பத்தில் சப்பை மூக்குக்காரி ஒருத்தி எப்படி விளக்கேற்றலாம் என்றார்கள். அதனால்தான் யுத்தம் முடிந்த கையோடு அண்ணன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மலையேறி அட்டுவம்பட்டிக்கு வந்தார். மேல்மலைக் கிராமங்களிலிருந்து வரும் உருளைக்கிழங்கையும் வெள்ளைப்பூண்டையும் வாங்கிக் கீழே அனுப்புகிற மண்டி வைத்தார். சீசன் நாட்களில் நீங்கள் ஏரிக்கரையில் பேரிக்காயும் பிளம்ஸும் விற்றீர்கள். உங்கள் நாக்குக்கு ழகரம் வராது. "பயம் வேணுமாங்க, நல்ல பயம்" என்று கூவுவீர்கள். பழத்தை அப்படிச் சொல்கிறீர்கள் என்று தெரியாத வெளியூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். கடைசி வரைக்கும் பயம்தான் விற்றீர்கள்.

மற்றபடி உங்கள் தமிழ் எங்கள் தமிழ்தான். வெள்ளனே எழுந்து, சோலியை வெரசா முடித்து, அம்மாவுக்கு இணையாகச் சண்டை போடுவீர்கள். பர்மா மொழியை நீங்கள் பேசி நாங்கள் கேட்டதே கிடையாது. அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் மலை தாண்டி வந்த பிறகு அந்த மொழியில் அவர் வாய் திறக்கவில்லை. யாரும் தடை போடவில்லை. அண்ணன் பேசவில்லை என்பதால் நீங்களும் பேசவில்லை, அவ்வளவுதான்.

காரணம் அவர் தோளில் இருந்தது. யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனுக்குப் போயிருந்தபோது நடந்த கலவரத்தில் விழுந்த வெட்டு. சட்டையைக் கழற்றினால் தோள்பட்டையிலிருந்து முதுகு வரைக்கும் ஒரு பள்ளம் ஓடும். உங்கள் ஊர் வாளுக்கு என்ன பெயர் என்று நான் கேட்டபோது "தா" என்றீர்கள். நம் மொழியில் கொடு என்று கேட்கிற சொல். அங்கே எங்கள் ஆட்களை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று கேட்டதற்கு, கொஞ்சம் தயங்கி "கலா" என்றீர்கள். அழகான பெயராக இருக்கிறதே என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டுதான் தெருவில் துரத்தி வந்தார்கள் என்று அண்ணன் பிறகு ஒருநாள் சொன்னார். அவர் அங்கே கலா. நீங்கள் இங்கே பர்மாக்காரி. இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் சீசனில் ஒரு நாள் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஒன்றை இணைத்தேன். சென்னையிலிருந்து ஏரிக்கரை ஓட்டல் ஒன்றுக்கு. பர்மாவிலிருந்து வந்திருக்கும் கால்பந்து அணிக்கு அறைகள் வேண்டும் என்றார்கள். அந்த அணி இந்தியாவில் இரண்டு மூன்று ஊர்களில் ஆடிவிட்டு வெயில் தாங்காமல் மலைக்கு வருகிறது. இங்கே பயிற்சிக்கு வந்திருந்த நம் நாட்டு ஆட்டக்காரர்களோடு ஒரு ஆட்டமும் ஆடப் போகிறது. இணைப்பில் காதில் விழுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. நான் வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எத்தன பேரு வாராங்க?" என்று மட்டும் கேட்டீர்கள்.

மறுநாள் கடைவீதிச் சுவர்களில் 'இந்தியா – பர்மா' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். சாப்பிடும்போது என்னைப் பார்த்துப் பேசுவது போல, ஞாயிற்றுக்கிழமை மைதானத்துப் பக்கம் கூட்டமாக இருக்கும், யாரும் அங்கே போகவேண்டாம் என்றார். நீங்கள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தீர்கள்.

ஞாயிறு மதியம் அவர் மண்டிக்குப் போனதும் பெட்டியைத் திறந்து மஞ்சள் சேலையை எடுத்து உடுத்தினீர்கள். கன்னத்தில் ஏதோ மரப்பட்டையை உரைத்துப் பூசிக்கொண்டீர்கள். வட்ட வட்டமாக, சந்தனம் மாதிரி. அத்தனை வருஷமும் அதை எங்கே வைத்திருந்தீர்களோ. "வாறியா சரசு?" என்றீர்கள். அண்ணன் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். "அவுக சொன்னது காதுல விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினீர்கள். உங்களைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் வந்தேன்.

ஏரிக்கு மேலே இருந்த பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. கோட்டுப் போட்ட வெள்ளைக்காரப் பாதிரிகள், மெட்ராஸ் குடும்பங்கள், கம்பளி போர்த்திய மன்னவனூர் விவசாயிகள் என்று எல்லோரும் இருந்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் பர்மா ஆட்கள் வட்டமாக நின்று, பிரம்பில் பின்னிய சின்னப் பந்து ஒன்றைக் காலாலும் முழங்காலாலும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அது தரையில் விழவே இல்லை. நீங்கள் என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். அதற்குச் சின்லோன் என்று பெயர், அதில் எதிரணி கிடையாது, ஜெயிக்கிறவன் தோற்கிறவன் என்று யாரும் கிடையாது, எல்லோரும் சேர்ந்து பந்தைக் கீழே விழாமல் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு என்றீர்கள். நம் கபடியை நினைத்துப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்தவன் எல்லைக்குள் போய்த் தொட்டுவிட்டு ஓடி வருவது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் எதை விளையாடி வளர்ந்தார்கள் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன். ஆனால் சின்லோன் ஆடி வளர்ந்தவர்களும்தானே வாளை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடி வந்தார்கள் என்றும் தோன்றியது. உங்களிடம் அதைச் சொல்லவில்லை.

ஆட்டத்தில் பர்மாக்காரர்கள் பந்தைத் தரையோடு தரையாக, குட்டை குட்டையாகத் தட்டிக்கொண்டு போனார்கள். ஒருவரையொருவர் கூப்பிடுவது பாட்டுப் பாடுவது போல ஏறி இறங்கும். நம் ஆட்களில் பெங்காலி இருந்தார், ஐதராபாத்காரர் இருந்தார், இரண்டு மலையாளிகள், மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன். அவர்களுக்குப் பொதுவாக ஒரு மொழி இல்லை. இங்கிலீஷில் கத்துவார்கள், அவசரத்தில் அவரவர் மொழிக்குத் தாவிவிடுவார்கள். நீங்கள் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தீர்கள். "நம்மாளுகளுக்குள்ளேயே ஒருத்தன் சொல்றது ஒருத்தனுக்குப் புரியல, பாவம்" என்றீர்கள். நம்மாளுகள் என்று நீங்கள் சொன்னதை நான் அன்றே குறித்துக்கொண்டேன். பின்னால் யார் யாரிடமோ அதைச் சொல்ல வேண்டி வந்தது.

இடைவேளைக்கு முன்னால் பர்மா ஒரு கோல் போட்டது. இடைவேளையில் நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் பர்மாக்காரர்களின் கோலுக்குப் பின்னால் நின்றீர்கள். கோல்கீப்பர் இளவயதுக்காரன், காது கொஞ்சம் விடைத்தவன். அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் மேகம் இறங்கியது. ஏரியிலிருந்து எழும்பி மரங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தது. எதிர்க் கோல் மறைந்தது. பிறகு நடுக்கோடு மறைந்தது. நிறுத்துவார்கள் என்று நினைத்தோம், நடுவர் ஊதவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி என்று நினைத்திருப்பார். ஆட்டக்காரர்கள் நிழலாகி, பிறகு வெறும் குரலாகிவிட்டார்கள். அத்தனை கூட்டமும் பேச்சை நிறுத்திவிட்டது. வெண்மைக்குள்ளிருந்து காலடிச் சத்தமும் பந்தை உதைக்கிற சத்தமும் இரண்டு நாட்டுக் குரல்களும் மட்டும் வந்துகொண்டிருந்தன. எனக்கு ஏனோ வீட்டுக்குப் போய்விட வேண்டும் போல இருந்தது.

கோல்கீப்பர் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டு, எங்கே, எங்கே என்று தன் ஆட்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போது மதுரைப் பையனின் குரல் மிக அருகில் கேட்டது. "எடப்பக்கம் தா. எடப்பக்கம் தா." மலையாளிக்கு அது புரியும் என்று தெரிந்தே தமிழில் கேட்டான். பர்மாக்காரர்கள் யாருக்கும் புரியாது. அந்த ஊர்க்காரர்களில் புரிந்த ஒரே ஆள் கோலுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"ஞாபெ" என்று கத்தினீர்கள்.

வலப்பக்கம் என்று அர்த்தம். எனக்கு அது பிறகுதான் தெரியும். ஓடி வருகிறவனுக்கு இடம் என்றால் அவனைப் பார்த்து நிற்கிற காவல்காரனுக்கு வலம். ஒரு நொடியில் மொழியையும் மாற்றி, திசையையும் மாற்றிச் சொன்னீர்கள். அவன் வலப்பக்கம் பாய்ந்தான். பந்து அவன் கையில் மோதி வெளியே போனது. மதுரைப் பையன் மேகத்திலிருந்து வெளிப்பட்டு வந்து, கோல்கீப்பரைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்த்தான்.

பக்கத்தில் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஒருவன், நம் மண்டியில் கிழங்கு வாங்குகிறவன்தான், மெதுவாகச் சொன்னான்: "ஏலே, காட்டிக் குடுத்துட்டாளே." அது வாய் மாறி வாய் மாறி மேகத்துக்குள் போனது. யார் சொல்கிறார்கள் என்று முகம் தெரியவில்லை, சொல் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு மண்கட்டி வந்து உங்கள் தோளில் விழுந்து உடைந்தது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் உங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. கோல்கீப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டு நேராக உங்களிடம் வந்தான். நீங்கள் "மௌங்" என்று ஆரம்பித்தீர்கள். பிறகு இருவரும் பேசிய எதுவும் எனக்குப் புரியவில்லை. புரிந்தது உங்கள் முகம் மட்டும். பத்தொன்பது வருஷமாக நான் பார்த்த முகம் கண் எதிரே வேறொன்றாக மாறியது. குரலும் மாறியது. கடைத்தெருவில் சண்டை போடுகிற தடித்த குரல் எங்கோ போய், மெல்லியதாக, இளையதாக ஒன்று வந்தது. அவன் ஏதோ சொன்னான். நீங்கள் மறுபடியும் சொல்லச் சொன்னீர்கள். அவன் சொன்னான். நீங்கள் புல்லில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

திரும்பி வருகிற வழியில் சொன்னீர்கள். அவனும் ஹென்சாடாக்காரன். உங்கள் தெரு. குண்டில் எரிந்துபோனது என்று நீங்கள் நம்பிய தெரு. எரிந்தது உண்மைதான், ஆனால் உங்கள் அம்மா அன்றைக்கு வீட்டில் இல்லை. இப்போதும் உயிரோடு இருக்கிறாள். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. கோயில் வாசலில் பூ விற்கிறாள். அம்மாவை அங்கே 'அமே' என்பார்கள் என்று என்றோ சொல்லியிருந்தீர்கள். அதனால் அந்த வழி முழுக்க நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தது எனக்கு விளங்கியது. வீட்டை நெருங்கும்போது நின்று, "இன்னொன்னும் சொன்னான் சரசு. வர்றதுன்னா வெரசா வந்துருங்கன்னான். ஊரு முன்ன மாதிரி இல்ல, கதவு ஒவ்வொண்ணா சாத்திக்கிட்டே வாராங்கன்னான்" என்றீர்கள். அவன் அணியிலேயே கரேன் இனத்துக்காரர்கள் இரண்டு பேர் அறைக்குள் மட்டும்தான் தங்கள் மொழியைப் பேசுகிறார்களாம், வெளியே பேசப் பயமாம். ஒரே மொழிக்காரர்கள் என்று நாம் நினைத்த அணி.

அண்ணனுக்கு நமக்கு முன்னாலேயே செய்தி போய்விட்டது. வாசலில் நின்றிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். உங்கள் தோளில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார், கன்னத்துப் பூச்சைப் பார்த்தார்.

"அவன என்னன்னு கூப்பிட்ட?" என்றார்.

"மௌங்" என்றீர்கள்.

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். தம்பியை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். அக்கா கூப்பிட்டால் தம்பி. பெண்டாட்டி கூப்பிட்டால் புருஷனுக்கும் அதே சொல்தான் என்பதைப் பல நாள் கழித்துத்தான் சொன்னீர்கள். ஹென்சாடாவில் அண்ணனை அப்படித்தான் கூப்பிட்டீர்களாம். எல்லை தாண்டிய பிறகு ஒரு தடவைகூட இல்லை. தமிழில் 'என்னங்க' என்று மாறிவிட்டீர்கள். தன்னை இனி யாரும் அப்படிக் கூப்பிடப் போவதில்லை என்று அவர் விட்டுவிட்ட சொல்லை, முன்பின் தெரியாத ஒருவனுக்கு நீங்கள் கொடுத்துவிட்டதாக அவருக்குப் பட்டதோ என்னவோ.

ஊர் அந்த ஆட்டத்தை மறக்கவில்லை. கடைவீதியில் ஆட்கள் அண்ணனிடம் சிரித்துக்கொண்டே, உங்கள் வீட்டம்மா எந்த நாட்டுக்கு ஆடுகிறார்கள் என்று கேட்டார்கள். சிரிப்புத்தான். ஆனால் அந்த வருஷம் மண்டிக்கு வருகிற ஆட்கள் குறைந்தார்கள். ஏரிக்கரையில் உங்கள் கூடைக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். யாரும் கையை ஓங்கவில்லை. அண்ணன் மட்டும் கதவைத் தாழிட்டுவிட்டு மறுபடியும் போய்த் தள்ளிப் பார்ப்பார். இப்படிச் சிரிப்பில்தான் அங்கேயும் ஆரம்பித்தது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

நீங்களோ ஊருக்குப் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் தாங்காமல் கேட்டபோது 'ஆனாடே' என்று ஒரு சொல்லைச் சொன்னீர்கள். அதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். கூச்சமா? இல்லை. தயக்கமா? இல்லை. பயமா? அதுவும் இல்லை. "நாங் கேட்டா அவுக இல்லேன்னு சொல்ல முடியாது. சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சே கேக்குறது அவுக மேல பாரத்த ஏத்துறது. அது ஆகாது" என்றீர்கள். அப்படி ஒரு சொல் நம்மிடம் இல்லை. நாம் கேட்டுவிடுவோம். கேட்டு, அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து வாங்கிவிடுவோம். நீங்கள் எதுவும் கேட்காமல் இளைத்துக்கொண்டே போனீர்கள்.

அந்த மாதங்களில்தான் எனக்கு உங்கள் மொழியைச் சொல்லிக்கொடுத்தீர்கள். அண்ணன் மண்டிக்குப் போனபின், அடுப்படியில், காய் நறுக்கிக்கொண்டே. ஒரே சத்தத்தை உயர்த்திச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். எனக்குக் காது பழகிய வேலை, நாள் முழுக்கக் குரல்களைக் கேட்டு ஊர் பிரித்து இணைக்கிறவள். இருந்தும் குழம்பினேன். நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். மற்ற நேரங்களில் சிரிப்பதை விட்டுவிட்டிருந்தீர்கள்.

மார்கழியில் அண்ணன் மதுரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், மெட்ராஸ் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். உங்கள் பெயரில் பாஸ்போர்ட்டும் கப்பல் டிக்கெட்டும் வாங்கி வந்திருந்தார். அதற்கு நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமே, மண்டிக் காகிதங்களோடு கலந்து போட வைத்திருந்தாராம். சாப்பாட்டுப் பாயில் அதை உங்கள் பக்கம் தள்ளினார்.

"போய் ஒன் அம்மாவப் பாத்துட்டு வா. மூணு மாசம்" என்றார்.

"நீங்க வரலையா?"

அவர் கை தன்னையறியாமல் தோள்பட்டைக்குப் போனது. "எனக்கு அந்த ஊரு வேணாம்" என்றார். டிக்கெட்டை இன்னும் கொஞ்சம் உங்கள் பக்கம் தள்ளி, "நீ வந்துரணும்" என்றார். நீங்கள் அழவில்லை. அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய், அதை வெகு நேரம் கழுவினீர்கள்.

தை பிறந்ததும் கிளம்பினீர்கள். கொடைரோடு ஸ்டேஷனுக்குப் போகிற முதல் பஸ். அன்றைக்கும் மேகம் தரையில் கிடந்தது. டிரைவர் விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே முதல் வளைவுக்குள் நுழைந்தார். பஸ் மறைந்த பிறகும் ஹாரன் சத்தம் ஒவ்வொரு வளைவிலும் கீழே கீழே கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் அது முழுக்க நிற்கும் வரை அங்கேயே நின்றார்.

போய்ச் சேர்ந்ததாக எழுதினீர்கள். அம்மா உங்களைக் கையால் தடவித்தான் அடையாளம் கண்டாள் என்று எழுதினீர்கள். அங்கே எல்லோரும் உங்கள் பர்மா மொழியில் கலா வாடை அடிக்கிறது என்று சிரிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு அண்ணன் எழுந்து வெளியே போனார். மார்ச்சில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். உங்கள் கடிதமும் நின்றுவிட்டது. அன்று முதல் என் முறை தொடங்கியதும் சென்னை எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்ணிடம் ரங்கூன் லைன் உண்டா என்று கேட்பேன். இல்லை என்பாள். சில நாள் உண்டு, ஆனால் ஹென்சாடாவுக்கு இல்லை என்பாள். பிறகு நான் கேட்பதற்கு முன்னாலேயே இல்லை அக்கா என்று சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் சீனாவோடு சண்டை வந்தது. கடைவீதியில் ஒருவர் அண்ணனிடம், உங்கள் வீட்டம்மா நல்ல வேளை இங்கே இல்லை என்று அக்கறையோடு சொன்னார். சீனாவுக்கும் பர்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணன் கேட்கவில்லை. மூக்கைப் பார்த்துச் சொல்கிறவரிடம் பூகோளம் பேசி என்ன ஆகப் போகிறது.

அறுபத்து நாலில் பர்மாவில் கடைகளையும் ஆலைகளையும் பிடுங்கிக்கொண்டு நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். அண்ணன் மண்டியை ஆள் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டு மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போய் நிற்பார். ஒரு கப்பல் விடாமல். இறங்குகிறவர்களில் உங்களைத் தேடுவார், பிறகு ஹென்சாடாக்காரர்கள் யாராவது உண்டா என்று கேட்பார். மறு வருஷம் ஒருத்தி கிடைத்தாள். அவளை மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார், நான் கேட்க வேண்டும் என்று.

உங்கள் அம்மா இறந்த பிறகு கிளம்பப் பார்த்தீர்களாம். பர்மாக்காரிக்கு நாட்டைவிட்டுப் போக அனுமதி கிடையாது என்று ஒரு மேஜையில் சொன்னார்கள். இந்தியனின் பெண்டாட்டி அந்நிய நாட்டுக்காரி, இங்கே தங்க அனுமதி கிடையாது என்று அடுத்த மேஜையில் சொன்னார்கள். இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தீர்கள். அதற்குள் காய்ச்சல் கண்டது. கடைசி இரண்டு நாள் நீங்கள் பேசியது பக்கத்து வீட்டுப் பர்மாக்காரர்களுக்குப் புரியவில்லை என்று தெருக்கோடியிலிருந்து இவளைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். நீங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தீர்கள். "கதவச் சாத்துங்க, மேகம் உள்ள வருது, துணியெல்லாம் நனையும்" என்று. வெயில் கொளுத்துகிற ஊரில். இவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, சாத்திட்டேன் தாயி என்றாளாம். அதற்குப் பிறகு அமைதியாகிவிட்டீர்களாம். நான் அவள் காலில் விழுந்து கும்பிட்டேன்.

அவள் போன பிறகு அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ஏதோ சொன்னார். தமிழ் இல்லை. இருபத்து மூன்று வருஷம் கழித்து அந்த மொழியில் அவர் வாய் திறந்தது அப்போதுதான். நான் தெரிந்த சொற்களைக் கூட்டிப் பதில் சொன்னேன். அவர் திகைத்துவிட்டார். நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அதில்தான் பேசிக்கொள்கிறோம். ஜன்னலை அடைத்துவிட்டு, தாழ்ந்த குரலில். அம்மா இருந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அண்ணன் ஆலைக் கூலிகளிடம் பேசிய, பாதி மறந்துபோன முரட்டு மொழி அவருடையது. என்னுடையது பெண்கள் அடுப்படியில் பேசுவது. இரண்டும் சரியாகப் பொருந்துவதில்லை. சில சமயம் நான் ஒரு சொல்லைச் சொன்னதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார். நீங்கள் சொல்கிற மாதிரியே சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. வேறு சொல்லில் தடுமாறுவேன், ஏற்ற வேண்டியதை இறக்கிவிடுவேன். தப்பு என்று எனக்கே தெரியும். அவருக்கும் தெரியும். எது சரி என்று இரண்டு பேருக்கும் உறுதியாகத் தெரியாது, மதினி. தப்பாகவே பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரசு